தேயிலைக் கம்பனியின் கணினியும் மலையக வீட்டின் கணினியும்

வணிக அலுவலகப் பணிகளை அன்றாடம் செய்வதற்கென உலகில் முதன்முதலில் இயங்கிய கணினியைக் கட்டியது தேநீர் விற்ற ஒரு கம்பனி. இச்செய்தி மலையகத்தில் பலரும் அறியாதது. இலண்டனில் தேநீர்ச் சாலைகளாலும் தேயிலைப் பொதிகளாலும் பெயர்பெற்ற ஜே. லயன்ஸ் நிறுவனமே அது. 'லயன்ஸ் மின்னியல் அலுவலகம்' என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அந்தக் கணினிக்கு 'லியோ' என்று பெயரிட்டனர். 1951 நவம்பரில் அது வெதுப்பகக் கணக்கைப் பார்க்கத் தொடங்கியது. 1954இல் ஊழியரின் சம்பளக் கணக்கைப் பொறுப்பேற்றது. பின்னர் தேயிலைக் கலவைக்கான கணக்குகளும் அதனிடம் ஒப்படைக்கப்பட்டன. மலையகத்தில் நம்மவர்கள் கொழுந்து பறித்து, செக்ரோலில் பெயர் பதிந்து நாட்சம்பளம் பெற்றுக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், கடலுக்கு அப்பால் தேயிலையின் கணக்கும் சம்பளத்தின் கணக்கும் ஓர் இயந்திரத்துக்குள் புகுந்துவிட்டன.

இன்று அந்த இயந்திரத்தின் பேரப்பிள்ளைகள் ஹட்டனிலும் நுவரெலியாவிலும் தோட்டத்து வீடுகளில் இருக்கின்றன. பெரும்பாலானவை பிள்ளையின் படிப்புக்கென்று வாங்கப்பட்டவை; பல, பாவித்தவை. வாங்கிய சில மாதங்களில் ஒரு தொல்லை ஆரம்பமாகிறது. வேலை செய்துகொண்டிருக்கையில் திரை உறைந்து நிற்கும்; அல்லது தானாக அணைந்து மீண்டும் எழும்; அல்லது நீலத்திரை தோன்றி மறையும். நகரத்துக் கடைக்குத் தூக்கிச் சென்றால் கிடைக்கும் தீர்ப்பு அநேகமாக ஒற்றை வரி: "மதர்போர்ட் போய்விட்டது."

அந்தத் தீர்ப்பு சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் விசாரணை நடத்தாமல் வழங்கப்படும் தீர்ப்பு அது. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளத்தை 1,000 ரூபாவாக உயர்த்துவதற்கே பல ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 2021இல்தான் அது வர்த்தமானியில் ஏறியது. அத்தகைய வருமானத்தில் வாழும் குடும்பத்துக்குப் பிழையான தீர்ப்பு ஒன்றின் விலை பல நாட்களின் உழைப்பு. ஆகவே, இயந்திரம் ஏன் நின்றுபோகிறது என்று கண்டறியும் கலை எவ்வாறு வளர்ந்தது, அது நமது மலைகளுக்கு என்ன சொல்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது பயனுள்ளது.

நலிவைத் தேடிச் சென்றவர்கள்

லயன்ஸ் நிறுவனத்தின் அதிகாரிகள் இருவர், ஒலிவர் ஸ்டாண்டிங்போர்டும் ரேமண்ட் தொம்சனும், 1947இல் அலுவலக முறைகளை ஆராய அமெரிக்கா சென்றனர். அங்கு கணினி பற்றிக் கேட்டறிந்தபோது, தம் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மோரிஸ் வில்க்ஸ் என்பவர் 'எட்சாக்' என்னும் கணினியைக் கட்டிவருகிறார் என்ற தகவல் கிடைத்தது. நிறுவனம் 3,000 பவுண் உதவி வழங்கி, ஒரு தொழில்நுட்பவியலாளரையும் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பிவைத்தது. 1949 மே மாதத்தில் எட்சாக் இயங்கியது. அதன் அமைப்பைப் பின்பற்றி ஜோன் பிங்கர்டனின் தலைமையில் லியோ கட்டப்பட்டது.

லியோவில் ஏறத்தாழ 6,000 வால்வுகள் இருந்தன. நினைவகம் என்பது பாதரசம் நிரம்பிய 64 குழாய்கள். அந்த வால்வுகளில் ஒன்று தளர்ந்தாலும் கணக்குப் பிழைக்கும். ஆய்வுகூடத்தில் இயந்திரம் நின்றால் பேராசிரியர் நாளை தொடரலாம். வெள்ளிக்கிழமை சம்பளம் கொடுக்க வேண்டிய நிறுவனத்தில் அது முடியாது. ஒருவருடைய சம்பளத்தைக் கணிக்க எழுதுவினைஞருக்கு எட்டு நிமிடம் சென்றது. லியோவுக்கு ஒன்றரை வினாடி. ஆனால் அந்த ஒன்றரை வினாடியை நம்பலாம் என்ற உறுதி பிறக்கும்வரை நிறுவனம் காத்திருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கணக்குப் பணியிற் பழகிய பின்னரே சம்பளப் பட்டியல் அதனிடம் சென்றது.

இங்கேதான் நமக்குத் தேவையான முதற் பாடம் இருக்கிறது. வால்வு ஒன்று திடீரென்று சாவதில்லை. நாளுக்கு நாள் நலிந்து, ஒரு கட்டத்தில் பிழைவிடத் தொடங்குகிறது. அந்த நலிவை வேலை நேரத்தில் சந்திப்பதைவிட, பராமரிப்பு நேரத்தில் தேடிப்பிடிப்பது மேல். 1950ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவின் மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் 'வேர்ல்விண்ட்' கணினியைக் கட்டிய ஜே பொரஸ்டர் குழுவினர் இதற்கு ஒரு வழி கண்டனர். காலையில் வேலை தொடங்குமுன், இயந்திரத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் செல்லும் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே கூட்டியும் குறைத்தும் பார்ப்பது. நலமான வால்வு தாக்குப்பிடிக்கும்; நலிந்தது உடனே பிழைவிடும். அதைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டால் அன்றைய வேலை தடையின்றி நடக்கும். லியோவின் பொறியியலாளரும் இந்த 'விளிம்புச் சோதனை'யைக் கையாண்டனர்.

அதற்கு முன்பே, போர்க்காலத்தில் 'கொலோசஸ்' என்னும் இரகசியக் கணினியைக் கட்டிய ஆங்கிலேய அஞ்சல் துறைப் பொறியியலாளர் டொமி பிளவர்ஸ் இன்னோர் உண்மையை வற்புறுத்தியிருந்தார். வால்வுகளை அணைக்காமல் விட்டால் அவை நீண்டகாலம் உழைக்கும். அவற்றைப் பெரும்பாலும் கொல்வது அணைத்து ஏற்றும் கணமே என்பது அவர் கூற்று. மின்சாரம் போய் வருவதே வழக்கமாகிவிட்ட ஊரில் வாழ்பவருக்கு இது எவ்வளவு பொருந்தும் என்பதைப் பின்னால் காண்போம்.

பூச்சியும் கதிரும்

கணினிப் பிழையை ஆங்கிலத்தில் 'பூச்சி' என்று சொல்லும் வழக்கத்துக்கு ஒரு கதை கூறுவார்கள். 1947 செப்டெம்பர் 9ஆம் திகதி ஹாவார்ட் பல்கலைக்கழகத்தின் 'மார்க் 2' இயந்திரம் பிழைவிட்டது. தேடிப்பார்த்தபோது ஓர் உணர்த்தியின் முனைகளுக்கிடையே விட்டிற்பூச்சி ஒன்று சிக்கிக் கிடந்தது. அதை எடுத்துப் பதிவேட்டில் ஒட்டிவைத்தார்கள். இக்கதையைப் பரப்பிய பெருமை கிரேஸ் ஹொப்பர் அம்மையாருக்கு உரியது. உண்மையில் அச்சொல் எடிசன் காலத்திலேயே பொறியியலாளரிடையே வழங்கியது. கதையின் பெறுமதி சொல்லாராய்ச்சியில் இல்லை. பிழை எங்கோ மாயமாக இருக்கவில்லை, கண்ணால் காணக்கூடிய ஓர் இடத்தில் இருந்தது, தேடியவர் கண்டார், கண்டதைத் திகதியிட்டு எழுதிவைத்தார். மின்வழங்கிப் பெட்டிக்குள் கருகிக் கிடக்கும் பல்லியைக் கண்டெடுத்த திருத்துநர்கள் நம்மிடையேயும் இருக்கிறார்கள். அவர்கள் ஹாவார்ட் மரபின் வாரிசுகளே.

கண்ணுக்குத் தெரியாத குற்றவாளியும் உண்டு. 1970களின் பிற்பகுதியில் இன்டெல் நிறுவனத்தின் நினைவகச் சில்லுகள், பழுதொன்றும் இல்லாமலே அவ்வப்போது பிழைவிட்டன. சோதித்தால் சில்லு நலமாக இருக்கும். மறுபடி எங்கோ ஓர் எழுத்து மாறும். திமோதி மே, மரே வூட்ஸ் ஆகிய இருவர் 1978இல் விடையை வெளியிட்டனர். சில்லை மூடியிருந்த மட்பாண்ட உறையில் மிகச் சிறிதளவு கதிர்வீச்சுப் பொருள் கலந்திருந்தது; அதிலிருந்து வெளிப்பட்ட அல்பாத் துகள்களே நினைவகத்தின் மின்னேற்றத்தைக் கலைத்தன. விண்ணிலிருந்து வரும் கதிர்களும் இதைச் செய்யும் என்றும், உயரம் கூடக்கூட அதன் அளவும் கூடும் என்றும் அடுத்த ஆண்டிலேயே ஐ.பி.எம். ஆய்வாளரும் பிறரும் எடுத்துக்காட்டினர்.

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அப்படியானால் நம் வீட்டுக் கணினி நின்றுபோவது விண்கதிராலா என்று ஒருவர் கேட்கலாம். இல்லை. கதிர் விளைவிக்கும் பிழை அரிது. ஒருமுறை வந்து போகும். அதே இடத்தில் திரும்பாது. தினமும் நின்றுபோகும் கணினிக்கு விண்ணைக் குறை சொல்ல முடியாது.

இதை உறுதிசெய்தவை இரண்டு பெரிய ஆய்வுகள். கூகிள் நிறுவனத்தின் கணினிகளை இரண்டரை ஆண்டுகள் கவனித்து பியாங்கா ஷ்ரூடர் முதலானோர் 2009இல் வெளியிட்ட முடிவின்படி, ஓராண்டில் நினைவகத் தகடுகளில் 8 சதவீதத்துக்கு மேற்பட்டவை பிழைகண்டன. அவற்றுள் பெரும்பாலானவை கதிரினாலன்றி, தகட்டிலேயே உள்ள நிரந்தரப் பழுதினால் விளைந்தவை. மைக்ரோசொப்ட் ஆய்வாளர்கள் ஏறத்தாழ பத்து இலட்சம் வீட்டுப் பாவனைக் கணினிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011இல் வெளியிட்டது நமக்கு இன்னும் நெருக்கமானது. ஓரளவு உழைத்த கணினியொன்று எட்டு மாதங்களுக்குள் மையச் செயலிப் பிழையால் நின்றுபோவதற்கான வாய்ப்பு 190இல் ஒன்று. ஆனால் ஒருமுறை நின்ற கணினி மறுமுறையும் நிற்பதற்கான வாய்ப்பு சுமார் மூன்றில் ஒன்று.

இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். வன்பொருட் பழுதால் ஒருமுறை நின்ற இயந்திரம், 'ஏதோ நடந்துவிட்டது, இனிச் சரியாகும்' என்று விட்டுவிடத்தக்கதல்ல. அதே ஆய்வு, கடைகளில் உதிரிப்பாகங்களைக் கோத்துச் செய்த கணினிகளைவிடப் பெரிய நிறுவனங்களின் கணினிகளும், மேசைக் கணினிகளைவிட மடிக்கணினிகளும் குறைவாகவே நின்றுபோயின என்றும் காட்டியது.

வீங்கிய கொள்ளளவிகள்

2000களில் உலகெங்கும் கணினிகள் ஒரு விசித்திர நோய்க்கு ஆளாயின. தாய்ப்பலகையில் சிறிய தகர டப்பாக்கள் போல் நிற்கும் உறுப்புகள் உண்டு. பாடநூல் அவற்றைக் கொள்ளளவி என்கிறது. கடைக்காரர் கெப்பாசிற்றர் என்பார். மின்வழங்கியிலிருந்து வரும் மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கங்களை விழுங்கி, சில்லுகளுக்குச் சீரான மின்சாரம் கொடுப்பது அவற்றின் கடமை. உள்ளே ஒரு மின்பகு திரவம் இருக்கும். 1999ஐ ஒட்டித் தொடங்கிச் சில ஆண்டுகள் சந்தைக்கு வந்த பல கொள்ளளவிகளில் அத்திரவம் குறையுடையதாக இருந்தது. உள்ளே வாயு சேர்ந்து தலை உப்பியது. சில வெடித்துக் கசிந்தன. பத்தாண்டு உழைக்க வேண்டிய உறுப்பு இரண்டு மூன்று ஆண்டுகளில் ஓய்ந்தது.

அமெரிக்காவின் டெல் நிறுவனம் 2003க்கும் 2005க்கும் இடையில் இத்தகைய அபாயமுள்ள கணினிகளை இலட்சக்கணக்கில் விற்றது என்பது பின்னர் வழக்கு ஆவணங்களால் 2010இல் வெளிவந்தது. பணக்கார நாட்டு அலுவலகங்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் கழித்துவிடும் கணினிகள் எங்கே செல்கின்றன? ஒரு பகுதி துடைத்துச் சீராக்கப்பட்டு, இலங்கை போன்ற நாடுகளின் சந்தைக்கு வருகிறது. பம்பலப்பிட்டியில் வாங்கி, ஹட்டன் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவரப்படும் 'நல்ல விலைக் கணினி' தன் ஆயுளின் பெரும்பகுதியை வேறொரு நாட்டில் முடித்துவிட்டு வந்ததாக இருக்கலாம்.

கொள்ளளவி நோயின் ஓர் அடையாளம் மலைநாட்டார் குறிப்பாக அறிய வேண்டியது. நலிந்த கொள்ளளவி குளிரில் மேலும் நலியும். ஆகவே காலைக் குளிரில் பொத்தானை அழுத்தினால் கணினி எழாது. இரண்டு மூன்று முறை முயன்று சற்றுச் சூடேறியதும் எழும். பின் பகல் முழுவதும் ஓடும். தை, மாசி மாதங்களில் தரையில் உறைபனி படியும் நுவரெலியாவில் இதைக் கண்டவர்கள், 'குளிருக்கு அப்படித்தான்' என்று பழகிக்கொள்கிறார்கள். குளிர் அங்கே நோயை உண்டாக்கவில்லை; முன்கூட்டியே காட்டிக்கொடுக்கிறது.

ஒளி கொடுத்த பள்ளத்தாக்கு

இனி மலையகத்தின் மின்சாரத்துக்கு வருவோம். இலங்கையில் நீர்மின்சாரத்தின் தாய்வீடு இந்தப் பள்ளத்தாக்குகளே. தோட்ட மக்கள் 'ஸ்டோர்' என்றழைக்கும் தேயிலைத் தொழிற்சாலைகள் பலவற்றில், ஓடைநீரால் சுழலும் இயந்திரங்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இருந்தன. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இல் பொறியியலாளர் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், அபர்டீன், லக்ஷபான நீர்வீழ்ச்சிகளைக் கொண்டு நாட்டுக்கே ஒளியூட்டலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். 1924இல் தொடங்கிய வேலை இடையில் நிறுத்தப்பட்டு, 1950 டிசெம்பரில்தான் லக்ஷபான மின்நிலையம் இயங்கியது. பின்னர் காசல்ரீ நீர்த்தேக்கம், மவுசாக்கலை நீர்த்தேக்கம், பொல்பிட்டிய, கென்யன் என்று தொடர்ந்து, 2012இல் தலவாக்கலையில் மேல் கொத்மலைத் திட்டம் வரை வந்தது. மவுசாக்கலையில் நீர் வற்றும் காலங்களில், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்தின் வழிபாட்டிடங்கள் இன்றும் தலைகாட்டுகின்றன.

அந்த நீர்த்தேக்கங்களின் கரையில் இருந்த லயங்களில் நெடுங்காலம் எரிந்தது மண்ணெண்ணெய் விளக்கு. உயரழுத்தக் கம்பிகள் தலைக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. லயன் அறை தோட்டத்தின் சொத்து, தொழிலாளிக்கு உரித்தில்லை. ஆகையால் மின் இணைப்புக்குக்கூட நிர்வாகத்தின் சம்மதம் வேண்டியிருந்தது. இணைப்பு வந்தபோதும், தேயிலை மலைகளைச் சுற்றிச் செல்லும் நீண்ட தாழ்அழுத்தக் கம்பியின் கடைசி முனையாகவே பல லயங்கள் அமைந்தன. ஒரு வீட்டு இணைப்பிலிருந்து பக்கத்து வீட்டுக்கு வயர் இழுத்துக்கொண்ட இடங்களும் உண்டு.

கம்பி நீளக்கூடவும் அதில் ஓடும் மின்னோட்டம் மிகவும் முனையில் அழுத்தம் குறையும். இது எட்டாம் வகுப்பு விஞ்ஞானம். இலங்கையின் வீட்டு மின்னழுத்தம் 230 வோல்ட். 6 சதவீத ஏற்ற இறக்கம் அனுமதிக்கப்பட்டது. அதாவது ஏறக்குறைய 216 முதல் 244 வரை. மாலை ஆறரையிலிருந்து ஒன்பதரை வரை நாடு முழுவதும் பாவனை உச்சத்தில் இருக்கும். அந்நேரத்தில் கம்பியின் கடைசி வீட்டில் குமிழ் மங்குவதைக் காண அளவுகருவி தேவையில்லை. பள்ளிப்பிள்ளை கணினியின் முன் அமர்வதும் அந்நேரமே.

இப்போது வேர்ல்விண்ட் குழுவினரை நினைவுகூருங்கள். நலிந்த உறுப்பைக் கண்டுபிடிக்க அவர்கள் காலையில் மின்னழுத்தத்தை வேண்டுமென்றே குறைத்தார்கள். நமது லயங்களில் அதே சோதனையைக் கம்பியே ஒவ்வொரு மாலையும் நடத்துகிறது. வேறுபாடு என்னவென்றால், அங்கே பழுதைத் தேடிப் பொறியியலாளர் காத்திருந்தார். இங்கே நாளைய பரீட்சைக்கான பாடத்துடன் பிள்ளை இருக்கிறது.

நலமான மின்வழங்கி 180 வோல்ட் வரை இறங்கினாலும் சமாளிக்கும். மின்சாரம் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒரு சிறு பங்கு, அதாவது வினாடியில் சுமார் அறுபதில் ஒரு பங்கு அறுந்தாலும், தன்னுள் சேமித்ததைக் கொண்டு தாங்கும். அந்தச் சேமிப்பு இருப்பது மேலே சொன்ன கொள்ளளவிகளில். அவை முதுமையடைந்தால் ஒவ்வொரு சிறு தளம்பலும் நேராகத் தாய்ப்பலகையைச் சென்றடையும். எனவே 'கரண்ட் சரியில்லை' என்பதும் உண்மை. 'சாமான் சரியில்லை' என்பதும் உண்மை. இரண்டு நலிவுகள் சந்திக்கும் இடத்திலேயே கணினி நின்றுபோகிறது. மடிக்கணினிக்கு மின்கலம் உள்ளேயே இருப்பதால் இத்தொல்லை அதனைத் தீண்டுவதில்லை.

இதற்கு மேல், நாடே இருளும் நாட்கள். 2016 மார்ச், 2020 ஓகஸ்ட், 2025 பெப்ரவரி ஆகிய மாதங்களில் இலங்கை முழுவதும் மின்சாரம் நின்றது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு அமுலானது. ஒவ்வொரு முறையும் மின்சாரம் திரும்பும் கணத்தில், அணைந்திருந்த எல்லாமும் ஒன்றாக எழ, அழுத்தம் தாவும். டொமி பிளவர்ஸ் அஞ்சிய கணம் அது. சித்திரையிலும், ஐப்பசி கார்த்திகையிலும் இடி மின்னல் வேறு. மண்ணிணைப்பு ஒழுங்காக இல்லாத பழைய லயத்தில் மின்னலின் தாக்கம் மின்கம்பியால் மட்டுமன்றித் தொலைபேசிக் கம்பியாலும் உள்ளே வரும்.

மூடுபனியும் அடுப்புப் புகையும்

மலைக்காற்று குளிர்ந்தது, ஆகவே கணினி சூடாகாது என்று எண்ணுவது இயல்பு. ஆனால் அடுப்படியும் வசிப்பறையும் ஒட்டியிருக்கும் லயத்தில் விறகுப் புகையின் கரி, விசிறியின் வழியே உள்ளே சென்று வெப்பத்தகட்டின் இடுக்குகளை அடைக்கிறது. வெளியே எவ்வளவு குளிராக இருந்தாலும் அடைபட்ட தகட்டின் கீழே செயலி கொதிக்கும். குறிப்பிட்ட வெப்பத்தைத் தாண்டியதும் தன்னைக் காத்துக்கொள்ள அது அணைந்துவிடும். ஏற்றி இருபது நிமிடத்தில் நின்று, ஆறவைத்தால் மீண்டும் இருபது நிமிடம் ஓடும் கணினியின் நோய் இதுவே. சிறு தூரிகையும் சில ரூபா விலையுள்ள வெப்பப் பசையும் இதற்கு மருந்து.

மூடுபனியின் ஈரம் இன்னொன்று. புகையும் ஈரமும் சேர்ந்து நினைவகத் தகட்டின் செம்மஞ்சள் முனைகளில் மெல்லிய படலமாகப் படியும். தொடுகை விட்டுவிட்டு நிகழும். ஒருநாள் ஒரு பிழைச்செய்தி, மறுநாள் வேறொன்று. தகட்டைக் கழற்றி, மாணவரின் அழிறப்பரால் முனைகளைத் துடைத்துத் திரும்பப் பொருத்துவது திருத்துநர்களின் பழைய கைவைத்தியம். வேடிக்கையாகத் தோன்றினாலும் இது பலனளிப்பதற்குக் காரணம் உண்டு; படலம் நீங்கினால் தொடுகை சீராகிறது.

விசாரணையின் ஒழுங்கு

பத்திரிகைத் தொழிலில் புதியவர்களுக்கு முதலில் கற்பிப்பது, யார், எங்கே, எப்போது என்று கேட்பதை. கணினிப் பழுதுக்கும் அதே கேள்விகள் போதும். நான் பணியாற்றிய ஓர் ஆசிரிய பீடத்தில், பக்கம் அமைக்கும் கணினியொன்று தினமும் பிற்பகலில் உறைந்து நிற்கும். இரண்டு முறை மென்பொருள் புதிதாக நிறுவப்பட்டது, பயனில்லை. நிற்கும் நேரத்தை ஓர் இளைஞர் ஒரு வாரம் குறித்துவைத்தார். கட்டடத்தின் தண்ணீர் மோட்டார் இயங்கும் நேரமும் அதுவும் ஒன்றாக இருந்தன. கணினியை வேறு இணைப்புக்கு மாற்றியதோடு விவகாரம் முடிந்தது.

ஆகவே முதற் கருவி ஒரு கொப்பியும் பென்சிலும். எப்போது நின்றது, அப்போது வீட்டில் என்ன ஓடியது, குமிழ் மங்கியதா, ஏற்றி எவ்வளவு நேரம், திரையில் என்ன தோன்றியது. விண்டோஸ் எக்ஸ்பி காலத்திலிருந்து, நீலத்திரையைக் காட்டிய உடனே தானாக மறுபடி தொடங்குமாறு அமைத்திருக்கிறார்கள். அந்த அமைப்பை நீக்கிவிட்டால் செய்தியை ஆறுதலாக வாசித்துக் குறித்துக்கொள்ளலாம். ஒரு வாரக் குறிப்பு ஒரு வடிவத்தைக் காட்டும். மாலை உச்சநேரத்தில் மட்டும் நிற்கிறதா? மின்சாரத்தையும் மின்வழங்கியையும் பார்க்க வேண்டும். இருபது நிமிடக் கணக்கா? வெப்பம். குளிர்காலையில் எழ மறுக்கிறதா? கொள்ளளவி. நேரமும் பிழையும் மாறிக்கொண்டே இருக்கின்றனவா? நினைவகம். குறிப்பிட்ட கோப்பைத் திறக்கும்போது திணறி நிற்கிறதா, வன்தட்டில் சத்தம் கேட்கிறதா? வன்தட்டு.

வன்தட்டின் மீது சிறிதேனும் ஐயம் எழுந்தால், மற்றெல்லாவற்றுக்கும் முன்பாகப் பிள்ளையின் பாடங்களையும் குடும்பப் படங்களையும் வேறிடத்தில் பிரதிசெய்ய வேண்டும். ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளைக் கொண்டு கூகிள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், மேற்பரப்பில் முதற் பிழை தோன்றிய தட்டு அடுத்த அறுபது நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற தட்டைப்போல் 39 மடங்கு என்று கண்டார்கள். எச்சரிக்கை ஏதுமின்றியே செத்த தட்டுகளும் அந்த ஆய்வில் ஏராளம்.

அடுத்தது சோதனை. நினைவகத்தைச் சோதிக்க கிறிஸ் பிரேடி 1994இல் எழுதிய 'மெம்டெஸ்ட்86' வழிவந்த இலவச நிரல்கள் உண்டு. இரவு முழுவதும் ஓடவிட்டால் போதும். மின்வழங்கியின் 12 வோல்ட் முனை 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், 5 வோல்ட் முனை 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் நிற்க வேண்டும். தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்யும் எந்த மின்தொழிலாளியிடமும் இதை அளக்கும் மீற்றர் இருக்கும். ஆனால் மின்வழங்கிப் பெட்டியை மட்டும் பழக்கமில்லாதவர் திறக்கக்கூடாது. கம்பியைக் கழற்றிய பின்னரும் உள்ளே உயிரைப் பறிக்கும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

பின்னர் மாற்றிப் பார்த்தல். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும். அயல்வீட்டாரின் நல்ல மின்வழங்கியை ஒருநாள் இரவல் வாங்கிப் போடுங்கள். இரண்டு நினைவகத் தகடுகள் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள். கணினியையே பாடசாலைக்கோ நகரத்து உறவினர் வீட்டுக்கோ கொண்டுசென்று ஓட்டிப்பாருங்கள். அங்கே நிற்காமல் ஓடினால் குற்றவாளி கணினிக்கு வெளியே இருக்கிறான். ஒரே வேளையில் மூன்றை மாற்றிச் சரியாக்கும் கடைக்காரர் மூன்றுக்கும் பணம் வாங்குவார். எது பழுது என்பது அவருக்கும் தெரியாது.

கடைசியாகவே தாய்ப்பலகை. மற்ற எல்லாச் சாட்சிகளும் விசாரிக்கப்பட்ட பின்பு எஞ்சும் சந்தேக நபர் அது.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. கம்பியின் கடைசி முனையில் அழுத்தம் குறைவதைத் தனிமனிதர் திருத்த முடியாது. ஆனால் அளந்து எழுதலாம். மாலை ஏழு மணிக்கு ஒரு மாதம் தொடர்ந்து எடுத்த மீற்றர் அளவுகள், ஒரு லயத்தில் பத்து வீட்டார் கையொப்பத்துடன் மின்சார அலுவலகத்துக்குச் சென்றால், அது வெறும் முறைப்பாடாகாது, ஆவணமாகும். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் கணினி அறிவு பற்றி ஆய்வு நடத்தும் ஒவ்வொரு முறையும் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளில் கடைசியில் நிற்பது தோட்டம். பள்ளிக்கூடம், ஆசிரியர், வருமானம் என்று இதற்குக் காரணங்கள் பல. கணினி வாங்கிய வீட்டிலும் அது ஒழுங்காக ஓடுவதற்கு மின்சாரம் இல்லை என்பது இன்னும் எவரும் எண்ணிப்பார்க்காத ஒரு காரணம்.

லியோவின் பொறியியலாளர் தம் இயந்திரத்தின் ஒவ்வொரு பழுதையும் பதிந்துவைத்தனர். தேயிலைக் கம்பனியொன்று வெள்ளிக்கிழமைச் சம்பளத்தை அதனிடம் நம்பி ஒப்படைக்க முடிந்ததற்கு அந்தப் பதிவுகளும் ஒரு காரணம். அதே தேயிலையைப் பறித்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கும் நின்றுபோகாத கணினிக்கு உரித்துண்டு. வாங்கவேண்டிய முதல் உதிரிப்பாகம், ஒரு கொப்பி.